தானுந்துக் காற்றூதியின் மின்பழுது அறிதல்

தானுந்துக் காற்றூதி என்பது தானுந்தின் (கார்) உட்பகுதிக்குள் சூடான காற்றையோ குளிர்ந்த காற்றையோ செலுத்தும் மின்விசிறி ஆகும். பட்டறை வழக்கில் இது புளோயர் எனப்படுகிறது. பெரும்பாலான தானுந்துகளில் வெப்பமூட்டிக்கும் (ஹீட்டர்) குளிரூட்டிக்கும் (ஏ.சி.) ஒரே காற்றூதியே பயன்படுகிறது. காற்றூதி முற்றிலும் இயங்காதபோதும், சில வேகங்களில் மட்டும் இயங்கும்போதும், விட்டுவிட்டு இயங்கும்போதும், அதன் மின்சுற்றில் எவ்விடத்தில் குறை உள்ளது என்பதை அளவீடுகளைக் கொண்டு கண்டறிவது காற்றூதியின் மின்பழுது அறிதல் ஆகும்.

இச்சுற்றில் எரிந்துபோன உறுப்பு பல நேரங்களில் பழுதின் காரணமாக இராமல் அதன் விளைவாகவே இருக்கிறது. காரணத்தை அறியாமல் உறுப்பை மட்டும் மாற்றினால் புதிய உறுப்பும் எரியும். உருகியை (பியூசு) மட்டும் பெரிதாக மாற்றினால் கம்பியே எரியக்கூடும். இதனால் காற்றூதியின் மின்பழுது அறிதல் பயண வசதி தொடர்பானது மட்டுமன்றி, தீப் பாதுகாப்புத் தொடர்பானதும் ஆகும்.

## பயன்பாடு

நீரால் குளிர்விக்கப்படும் எந்திரத்தைக் கொண்ட தானுந்தில், எந்திரத்தின் வெப்பத்தை ஏற்ற நீர், முகப்புப் பலகைக்கு (டேசுபோர்டு) உள்ளே அமைந்த சிறிய வெப்பமாற்றியின் வழியாகச் செல்கிறது. காற்றூதி இவ்வெப்பமாற்றியின் மீது காற்றைச் செலுத்தும்போது சூடான காற்று கிடைக்கிறது. குளிரூட்டி இயங்கும்போது அதே காற்றூதி ஆவியாக்கியின் (கூலிங் காயில்) மீது காற்றைச் செலுத்துகிறது. காற்று செல்லும் வழியைத் தடுப்பு மடல்கள் மாற்றிவிடுகின்றன.

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் வெப்பமூட்டியின் தேவை மிகக் குறைவு. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்திலும் அண்டையிலுள்ள வேலூர் மாவட்டத்திலும் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். எனவே இங்கு காற்றூதியில் ஏற்படும் பழுது முதலில் "ஏ.சி. வேலை செய்யவில்லை" என்ற முறையீடாகவே பட்டறைக்கு வருகிறது. பல தானுந்துகளில் காற்றூதி ஆளியை (சுவிட்சு) இயக்கினால் மட்டுமே குளிரூட்டியின் அமுக்கி (கம்பிரசர்) இயங்கும் வகையில் சுற்று அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே காற்றூதிச் சுற்றில் ஏற்படும் சிறு குறையும் குளிரூட்டி முழுவதும் பழுதானது போன்ற தோற்றத்தைத் தரலாம். இதனை அறியாமல் குளிர்பதன வளிமத்தை மீண்டும் நிரப்புவது வீண் செலவாகும்.

இதே வண்டி ஆரணியிலிருந்து சவ்வாது மலைக்கு மார்கழி மாத விடியற்காலையில் செல்லும்போது நிலைமை மாறுகிறது. வெளியே குளிர்ந்திருக்கும் முன்கண்ணாடியின் உட்புறத்தில், பயணிகளின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் படிந்து பார்வையை மறைக்கிறது. மழைக்காலத்தில் சமவெளியிலும் இவ்வாறு நிகழ்கிறது. இப்படலத்தை நீக்குவதற்குக் கண்ணாடியின் மீது காற்று வீச வேண்டும். உறைபனி விழும் உதகமண்டலம் போன்ற இடங்களில் சூடான காற்றும் தேவை. காற்றூதி இயங்காவிட்டால் மலைப்பாதையில் ஓட்டுநருக்கு வழி தெரியாது. எனவே காற்றூதியை வசதிப் பொருளாக மட்டும் கருத இயலாது.

## வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகள் பெரும்பாலும் திறந்த உடற்பகுதி கொண்டவை. மூடிய உடற்பகுதி பரவலான பின்னரே உட்பகுதியைச் சூடாக்கும் கருவிகளுக்குத் தேவை ஏற்பட்டது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939 இல் குளிரூட்டி பொருத்திய தானுந்தை அறிமுகப்படுத்தியது.

இந்தியாவில் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர், 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 ஆகியவற்றைப் பயன்படுத்திய பலர் குளிரூட்டி இன்றியே பயணம் செய்தனர். திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998 இல் சான்ட்ரோ வெளிவந்தது. இக்காலத்துக்குப் பின் குளிரூட்டி பொருத்திய சிறு தானுந்துகள் தமிழ்நாட்டில் பரவலாயின. இதனால் முன்பு எப்போதேனும் இயங்கிய காற்றூதி, நாள்தோறும் பல மணி நேரம் இயங்கும் உறுப்பாக மாறியது.

## உறுப்புகள்

காற்றூதியின் மின்சுற்றில் பொதுவாகப் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

* மின்கல அடுக்கு (பாட்டரி): 12 வோல்ட் வகை. எந்திரம் ஓடாதபோது, முழு மின்னேற்றம் பெற்ற மின்கல அடுக்கு ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எந்திரம் ஓடும்போது மின்னாக்கியின் காரணமாக இது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை உயரும்.
* உருகி: மின்னோட்டம் அளவுக்கு மீறினால் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். காற்றூதிக்குப் பொதுவாக 20 முதல் 40 ஆம்பியர் வரையான உருகிகள் பயன்படுகின்றன.
* ரிலே: சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் மின்காந்த ஆளி.
* வேக ஆளி: ஓட்டுநர் வேகத்தைத் தெரிவுசெய்யப் பயன்படுத்துவது.
* மின்தடையத் தொகுதி (ரெசிசுட்டர்): மின்னோடியின் வேகத்தைக் குறைப்பது. இதில் பெரும்பாலும் ஒரு வெப்ப உருகியும் அமைந்திருக்கும்.
* மின்னோடி (மோட்டார்): நிலைகாந்தமும் கரித் தூரிகைகளும் (கார்பன் பிரசு) கொண்ட நேர்மின்னோட்ட வகை. இதன் தண்டில் உருளை வடிவ விசிறி பொருத்தப்பட்டுள்ளது.
* எர்த்து இணைப்பு: சுற்றின் எதிர்முனையை வண்டியின் இரும்பு உடலுடன் இணைக்கும் கம்பியும் திருகாணியும்.
* இணைப்பிகள்: கம்பிகளை இணைக்கும் நெகிழிக் கூடுகள். பட்டறை வழக்கில் கப்ளர் எனப்படும்.

வலப்புறச் சுக்கான் கொண்ட இந்திய வண்டிகள் பலவற்றில் மின்னோடியும் தடையத் தொகுதியும் முன் இருக்கைப் பயணியின் கால் பகுதிக்கு மேலே, பொருள் வைக்கும் பெட்டிக்குப் பின்புறம் அமைந்துள்ளன.

## செயற்பாடு

### தடையத்தால் வேகத்தைக் குறைத்தல்

எளிய வகைத் தானுந்துகளில் மின்னோடியுடன் தடையங்களைத் தொடராக இணைப்பதன் மூலம் வேகம் குறைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 12 வோல்ட் சுற்றில் மிகக் குறைந்த வேகத்தில் 4 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகவும் தடையம் 2 ஓம் எனவும் கொள்வோம். தடையத்தில் 4 × 2 = 8 வோல்ட் வீழ்கிறது. மின்னோடிக்கு எஞ்சுவது 4 வோல்ட். தடையத்தில் 8 × 4 = 32 வாட்டு ஆற்றல் வெப்பமாகிறது. இவ்வெப்பத்தை அகற்றுவதற்காகவே தடையத் தொகுதி காற்றுக் குழாயின் உள்ளே, காற்றூதியின் காற்று படும் இடத்தில் வைக்கப்படுகிறது. காற்று குறைந்தால் தடையம் மிகையாகச் சூடாகும். அந்நிலையில் வெப்ப உருகி சுற்றைத் துண்டிக்கிறது.

மிகு வேகத்தில் தடையங்கள் அனைத்தும் தவிர்க்கப்பட்டு, முழு மின்னழுத்தமும் மின்னோடிக்கு நேரடியாகச் செல்கிறது. இவ்வேறுபாடே பழுது அறிவதற்கான முதல் துப்பு ஆகும்.

### மின்னணுக் கட்டுப்பாடு

தன்னியக்க வெப்பநிலைக் கட்டுப்பாடு கொண்ட வண்டிகளில் தடையத் தொகுதிக்குப் பதிலாகத் திறன் திரிதடையம் (டிரான்சிசுட்டர்) கொண்ட கட்டுப்பாட்டகம் பயன்படுகிறது. இவற்றுள் ஒரு வகை, மின்னோட்டத்தை ஒரு நொடியில் பலமுறை இணைத்துத் துண்டித்து வேகத்தை மாற்றுகிறது. இத்திரிதடையம் உள்ளே குறுக்கிணைந்து (சார்ட்) பழுதானால் காற்றூதி முழு வேகத்திலேயே ஓடும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னரும் ஓடி மின்கல அடுக்கை வெறுமையாக்கும்.

### பின்மின்னியக்கு விசை

மின்னோடி சுழலும்போது, தனக்கு வரும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. இது பின்மின்னியக்கு விசை எனப்படும். வேகம் கூடும்போது இவ்விசை கூடி, மின்னோட்டத்தைக் குறைக்கிறது. தாங்கி (பேரிங்) வறண்டு மின்னோடி மெதுவாகச் சுழன்றால் எதிர்ப்பு குறைந்து மின்னோட்டம் உயர்கிறது. முற்றிலும் சிக்கி நின்றுவிட்டால் மின்னோட்டம் மிகுதியாகும். மின்னோடியில் உள்ள இயந்திரக் குறை, உருகியிலும் இணைப்பியிலும் தடையத்திலும் மின்குறையாக வெளிப்படுவது இதனாலேயே.

## அறிகுறிகளும் வாய்ப்புள்ள காரணங்களும்

* மிகு வேகத்தில் மட்டும் இயங்குதல்: தடையத் தொகுதியோ அதன் வெப்ப உருகியோ துண்டிக்கப்பட்டிருக்கலாம்.
* மிகு வேகத்தில் மட்டும் இயங்காமை: மிகு வேகத்துக்கான ரிலே, ஆளியின் அந்நிலைத் தொடுமுனை, அதற்குரிய கம்பி ஆகியவற்றுள் ஒன்றில் குறை இருக்கலாம்.
* இடைப்பட்ட ஒரு வேகம் மட்டும் இல்லாமை: ஆளியின் ஒரு தொடுமுனையோ தடையத்தின் ஒரு பகுதியோ பழுதாகியிருக்கலாம்.
* எந்த வேகத்திலும் இயங்காமை: உருகி, ரிலே, எர்த்து இணைப்பு, ஆளி, மின்னோடி ஆகிய எதுவும் காரணமாகலாம்.
* விட்டுவிட்டு இயங்குதல்: தளர்ந்த இணைப்பியோ தேய்ந்த கரித் தூரிகையோ காரணமாகலாம். மின்னோடியின் கூட்டை மெல்லத் தட்டும்போது ஓடத் தொடங்கினால் தூரிகைத் தேய்வுக்கு வாய்ப்பு அதிகம்.
* எல்லா வேகத்திலும் மெதுவாகச் சுழலுதல்: சுற்றில் மின்னழுத்த வீழ்ச்சியோ தாங்கியில் இறுக்கமோ இருக்கலாம்.
* சுழலும் ஒலி கேட்டும் காற்று வாராமை: இது பெரும்பாலும் மின்பழுது அன்று. காற்று வடிகட்டி அடைப்பு, தடுப்பு மடல் சிக்குதல், ஆவியாக்கியில் பனி உறைதல் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

அறிகுறிகள் சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்பதைக் காட்டுவன. அவற்றை மட்டும் கொண்டு உறுப்புகளை மாற்றுவது ஊகமே ஆகும்.

## பழுது அறியும் முறை

இதற்குப் பல்மானி (மல்டிமீட்டர்), 12 வோல்ட் சோதனை விளக்கு, வண்டிக்குரிய மின்சுற்று வரைபடம் ஆகியவை தேவை. வேக ஆளி மின்னோடிக்கு முன்பாக நேர்முனைப் பக்கத்தில் உள்ளதா, பின்பாக எர்த்துப் பக்கத்தில் உள்ளதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். எனவே வரைபடத்தை முதலில் பார்ப்பது நல்லது.

### 1. எல்லா வேகங்களையும் இயக்கிப் பார்த்தல்

சாவியைத் திருப்பி, ஒவ்வொரு வேகத்திலும் காற்றூதி எவ்வாறு இயங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு எக்கருவியும் தேவையில்லை. எனினும் ஆராய வேண்டிய பகுதியை இதுவே பாதியாகக் குறைக்கிறது.

### 2. உருகியைச் சோதித்தல்

உருகியைக் கண்ணால் பார்ப்பது போதாது. அதன் மேற்புறத்தில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளிலும் 12 வோல்ட் உள்ளதா என்று அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் உருகி துண்டிக்கப்பட்டுள்ளது. இரு பக்கமும் இல்லாவிட்டால் குறை அதற்கு முன்பாகவே உள்ளது.

### 3. ரிலேயைச் சோதித்தல்

வழக்கமான நான்கு முனை ரிலேயில் 85, 86 என்று எண்ணிட்ட முனைகள் கம்பிச்சுருளுக்கும், 30, 87 என்று எண்ணிட்டவை தொடுமுனைகளுக்கும் உரியவை. ரிலே "டிக்" என்று ஒலிப்பது கம்பிச்சுருள் வேலை செய்வதை மட்டுமே காட்டும். தொடுமுனைகள் கருகியிருந்தாலும் ஒலி எழும். ஆகவே ரிலே இணைந்த நிலையில் 30, 87 முனைகளுக்கு இடையே மின்னழுத்த வீழ்ச்சியை அளப்பதே சரியான சோதனை.

### 4. மின்னோடியின் முனைகளில் அளத்தல்

இணைப்பியைக் கழற்றாமல், அதன் பின்புறமாக அளவுகோல் முனையைச் செருகி, மின்னோடியின் இரு முனைகளையும் வண்டியின் எர்த்துடன் ஒப்பிட்டு அளக்க வேண்டும். ஆளி இயக்கத்தில் இருந்தும் மின்னோடி ஓடாத நிலையில் மூன்று முடிவுகள் கிடைக்கலாம்.

* ஒரு முனையில் ஏறத்தாழ 12 வோல்ட், மறுமுனையில் ஏறத்தாழ சுழி: மின்னழுத்தம் முறையாக வந்தும் மின்னோடி ஓடவில்லை. குறை மின்னோடியில் உள்ளது.
* இரு முனைகளிலும் ஏறத்தாழ 12 வோல்ட்: மின்னழுத்தம் மின்னோடியைக் கடந்து வந்து, அதற்கு அப்பால் தடைபட்டுள்ளது. குறை எர்த்துப் பக்கத்தில் உள்ளது.
* இரு முனைகளிலும் சுழி: மின்னழுத்தம் மின்னோடியை அடையவில்லை. குறை நேர்முனைப் பக்கத்தில் உள்ளது.

இந்த ஓர் அளவீடு, மின்னோடியை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை தருகிறது.

### 5. தடையத் தொகுதியைச் சோதித்தல்

இணைப்பியைக் கழற்றி, தொகுதியின் முனைகளுக்கு இடையே தடையை அளக்க வேண்டும். நல்ல தொகுதியில் சில ஓம் அல்லது அதற்கும் குறைந்த தடை காட்டும். எல்லா வேகங்களுக்கும் பொதுவான வழி துண்டிக்கப்பட்டிருந்தால் வெப்ப உருகி போயிருக்கலாம். இணைப்பியின் நெகிழி பழுப்பேறியோ உருகியோ உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

### 6. மின்னோட்டத்தை அளத்தல்

காற்றூதி மிகு வேகத்தில் எடுக்கும் மின்னோட்டம் வண்டியைப் பொறுத்துப் பொதுவாக 10 முதல் 25 ஆம்பியர் வரை இருக்கும். எளிய பல்மானிகள் பலவற்றின் எல்லை 10 ஆம்பியர் என்பதால் அவற்றைச் சுற்றில் தொடராக இணைத்து அளக்கக் கூடாது. கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வுமானி (கிளாம்ப் மீட்டர்) ஏற்றது. வீட்டு மின்பணியாளர்கள் பயன்படுத்தும் கவ்வுமானிகள் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. இங்கு நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் வகை தேவை.

## மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை

பழுது அறிவதில் அடிக்கடி நேரும் பிழை, சுமை இல்லாதபோது அளந்த மின்னழுத்தத்தை நம்புவதாகும். எண்மப் பல்மானியின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். எனவே 1000 ஓம் தடை கொண்ட துருப்பிடித்த இணைப்பின் வழியாக அளந்தாலும் அது ஏறத்தாழ 12 வோல்ட்டையே காட்டும். அதே இணைப்பில் மின்னோடியைப் பூட்டினால் ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் துருவிலேயே வீழ்ந்து, மின்னோடி அசையாது. அறுபட்டு ஓரிரு இழைகளே எஞ்சிய கம்பியும் இவ்வாறே ஏமாற்றும். ஆகவே அளவீடுகளைச் சுமை உள்ள நிலையில் எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் காற்றூதி மிகு வேகத்திலும் மெதுவாகச் சுழல்கிறது எனக் கொள்வோம். எந்திரம் ஓடும்போது அளவுகள் பின்வருமாறு உள்ளன.

* மின்கல அடுக்கின் முனைகளுக்கு இடையே: 13.8 வோல்ட்
* மின்னோடியின் இரு முனைகளுக்கு இடையே: 10.8 வோல்ட்
* மின்கல அடுக்கின் நேர்முனைக்கும் மின்னோடியின் நேர்முனைக்கும் இடையே: 0.3 வோல்ட்
* மின்னோடியின் எதிர்முனைக்கும் மின்கல அடுக்கின் எதிர்முனைக்கும் இடையே: 2.7 வோல்ட்

10.8, 0.3, 2.7 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 13.8. எனவே அளவீடுகளில் எதுவும் விடுபடவில்லை. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.5 வோல்ட் வரையான வீழ்ச்சி ஏற்கத்தக்கது. 2.7 வோல்ட் மிக அதிகம் என்பதால் குறை எர்த்துப் பக்கத்தில் உள்ளது. அப்பக்கத்தைப் பகுதி பகுதியாக அளக்கும்போது எர்த்துத் திருகாணியில் மட்டும் 2.4 வோல்ட் வீழ்வது தெரிகிறது.

அவ்வேளையில் 12 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால், அத்திருகாணியில் உள்ள தடை 2.4 ÷ 12 = 0.2 ஓம். அங்கு வெப்பமாகும் ஆற்றல் 2.4 × 12 = 28.8 வாட்டு. மின்னணுப் பணிகளுக்குப் பயன்படும் 25 வாட்டுப் பற்றாசுக் கோல் தரும் வெப்பத்தைவிட இது அதிகம். இணைப்பிகளின் நெகிழி உருகுவதற்கு இத்தகைய மறைவான சிறு தடையே காரணம். இங்கு தீர்வு புதிய மின்னோடி அன்று. திருகாணியைக் கழற்றித் துருவைத் தேய்த்து நீக்கி, மீண்டும் இறுக்குவதே தீர்வு.

## மூலக் காரணத்தைக் காணுதல்

எரிந்த உறுப்பு கண்டறியப்பட்ட பின், அது ஏன் எரிந்தது என்ற கேள்விக்கும் விடை காண வேண்டும்.

தடையம் மீண்டும் மீண்டும் எரிதல்: இதற்கு இரு காரணங்கள் பொதுவானவை. முதலாவது, காற்று வடிகட்டி தூசியால் அடைபடுவதால் தடையத்துக்குப் போதிய காற்று கிடைக்காமை. இந்நிலையில் இவ்வகை விசிறியின் மின்னோட்டம் உயர்வதில்லை, சற்றுக் குறையவே செய்யும். இரண்டாவது, தாங்கி இறுகி மின்னோட்டம் உயர்தல். எனவே மின்னோட்டத்தை அளந்தால் இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம்.

நீர் புகுதல்: முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்வாங்கும் பகுதியில் வேம்பு, புங்கம் போன்ற மர இலைகள் விழுந்து, மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாம். அப்போது நீர் காற்றூதிக்குள் இறங்கித் தாங்கியையும் இணைப்பிகளையும் அரிக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் ஏற்பட்ட வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வண்டிகளில், உலர்ந்த பின்னர் இயங்கிய இணைப்புகளும் நாளடைவில் பச்சை நிறக் களிம்பு ஏறிப் பழுதாகலாம்.

எலி கடித்தல்: நிறுத்தி வைக்கப்பட்ட வண்டிகளில் எலிகள் கம்பிகளைக் கடிப்பதும் காற்றுக் குழாயில் கூடு கட்டுவதும் உண்டு. கடிபட்ட கம்பி உடலைத் தொட்டால் உருகி உடனே எரியும். கூட்டின் பஞ்சும் சருகும் சூடான தடையத்தின் அருகே இருந்தால் தீப்பற்றக்கூடும்.

## உருகியும் தீ அபாயமும்

உருகியின் முதன்மையான பணி கம்பியைக் காப்பதாகும். 20 ஆம்பியருக்கு ஏற்ற கம்பியில் 40 ஆம்பியர் உருகியைச் செருகினால், பழுதின்போது உருகிக்கு முன்பாகக் கம்பியின் உறை உருகும். உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியையோ வெள்ளித் தாளையோ வைப்பது இதைவிடத் தீங்கானது. தட்டை வகை உருகிகளின் நிறமே அவற்றின் அளவைக் குறிக்கிறது: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30, செம்மஞ்சள் 40 ஆம்பியர். புதிய உருகி, வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட அளவினதாகவே இருக்க வேண்டும். அதுவும் எரிந்தால் மேலும் ஒன்றைச் செருகாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

தடையத் தொகுதியில் உள்ள வெப்ப உருகியை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவதும் செலவைக் குறைக்கும் வழியாகச் சில இடங்களில் கையாளப்படுகிறது. காற்றூதி உடனே இயங்கத் தொடங்கும். ஆனால் தடையம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதைத் தடுக்க எதுவும் இராது.

### சஃபிரா நிகழ்வு

இவ்வபாயத்துக்குப் பரவலாக அறியப்பட்ட சான்று ஐக்கிய இராச்சியத்தில் விற்பனையான வாக்சால் சஃபிரா பி வகைத் தானுந்துகள் ஆகும். இவ்வண்டிகள் பல, முகப்புப் பலகைப் பகுதியில் தீப்பற்றின. வெப்பமூட்டிக் காற்றூதியும் அதன் தடையமும் தீயுடன் தொடர்புடையவை எனக் கண்டறியப்பட்டது. தடையத்தின் வெப்ப உருகியில் முறையற்ற பழுதுபார்ப்பு நடந்திருந்ததாக நிறுவனம் தெரிவித்தது. 2015 இல் அந்நாட்டில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவ்வாறு சரிசெய்யப்பட்ட வண்டிகளிலும் தீ ஏற்பட்டதால் 2016 இல் இரண்டாம் முறையாகத் திரும்ப அழைக்கப்பட்டன. நீர்க்கசிவால் மின்னோடி அரிக்கப்பட்டு இறுகுவதும் ஆய்வுக்கு உள்ளானது. இந்நிகழ்வை நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழுவும் விசாரித்தது. விளைவைச் சரிசெய்து காரணத்தை விட்டுவிட்டால் பழுது திரும்ப வரும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

## பாதுகாப்பு நெறிகள்

* உறுப்புகளைக் கழற்றும் முன் மின்கல அடுக்கின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.
* இயங்கிக்கொண்டிருந்த தடையத் தொகுதியை உடனே தொடக் கூடாது. அது கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும்.
* முகப்புப் பலகைக்குள் காற்றுப்பைக்கு (ஏர்பேக்) உரிய கம்பிகளும் உள்ளன. இவை பெரும்பாலும் மஞ்சள் நிற உறையோ இணைப்பியோ கொண்டவை. இவற்றில் பல்மானியையோ சோதனை விளக்கையோ வைக்கக் கூடாது.
* மின்னணுக் கட்டுப்பாட்டகங்களின் குறிப்பலைக் கம்பிகளில் சோதனை விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. அதன் மின்னோட்டம் அவற்றைப் பழுதாக்கலாம்.
* மின்னோடிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது, இடையே தகுந்த உருகி பொருத்திய கம்பியையே பயன்படுத்த வேண்டும்.

## மின்தானுந்துகளில்

மின்தானுந்துகளில் (எலக்ட்ரிக் கார்) எந்திர வெப்பம் கிடைப்பதில்லை. எனவே உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் மின்சூடேற்றியோ வெப்ப ஏற்றியோ (ஹீட் பம்ப்) பயன்படுகிறது. எனினும் காற்றூதி பெரும்பாலும் 12 வோல்ட் சுற்றிலேயே இயங்குவதால், மேற்கூறிய அளவீட்டு முறைகள் அதற்கும் பொருந்தும். தூரிகையற்ற மின்னோடிகள் உள்ளவற்றில் கட்டுப்பாட்டகம் மின்னோடியுடன் இணைந்தே இருக்கும். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டவை. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் என்பதால் பயிற்சி பெற்றவர் அல்லாதோர் அவற்றைத் தொடக் கூடாது.

## இவற்றையும் பார்க்க

* ஓமின் விதி
* நேர்மின்னோட்ட மின்னோடி
* மின் உருகி
* பல்மானி
* வளிப்பதனம்